இரண்டு விசில்

எனக்குப் பொறுமை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடுவில் யாராவது என்னைப் பற்றி நல்லவிதமாக நினைத்துவிடக் கூடும். உலை கொதிக்கும்வரை அடுப்படியில் நிற்க மாட்டேன். பஸ் ஐந்து நிமிஷம் தாமதமானால் அடுத்த நிறுத்தத்துக்கு நடக்க ஆரம்பித்துவிடுவேன்; பாதி வழியில் பஸ் என்னைத் தாண்டிப் போய்விடும். இது அப்பாவிடமிருந்து வந்த வியாதி. என் அப்பா பொம்மையன் பஸ் டிரைவர். திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் ஒரு தனியார் பஸ்ஸில் இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவர். வீட்டில் இருந்தால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வலதுகாலால் தரையை அமுக்கிக்கொண்டிருப்பார். வாரம் ஆறு நாள் அவர் வீட்டில் இல்லாததைப் பற்றி அம்மா ஒரு புகாரும் சொன்னதில்லை. ஏழாவது நாளைப் பற்றித்தான் சொல்வாள்.

அப்பாவுக்குப் பாட்டுப் பைத்தியமும் உண்டு. இசைவாணி என்று எனக்குப் பெயர் வைத்ததே அவர்தான். அவர் வண்டியில் போடும் கேசட்டுக்காகவே முந்தைய பஸ்ஸை விட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் இருந்தார்கள். பாட்டின் முதல் தட்டிலேயே இது எந்தப் பாட்டு என்று சொல்லிவிடுவார். அந்தக் காதைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

என் குணத்துக்கு ஏற்ற வேலை எனக்குத் தொண்ணூற்றாறில் கிடைத்தது. பிராங்க்ளின் என்று ஒருவர் திண்டுக்கல்லில் மெல்லிசைக் குழு நடத்திக்கொண்டிருந்தார். கீபோர்டு அவரே வாசிப்பார். மெட்ராஸில் ஏதோ ஒரு ஸ்டுடியோவில் கழித்துப் போட்ட ரிதம் பெட்டி ஒன்றைப் பழைய சாமான் விலைக்கு வாங்கிக்கொண்டு வந்தார். பத்து வருஷத்துக்கு மேல் ஆன ஜப்பான் சாமான். தபேலா, டோலக் எல்லாம் உள்ளேயே இருக்கும் என்று நம்பி வாங்கிவிட்டார். பிளக்கைச் சொருகிப் பார்த்தால் தபேலாவும் இல்லை, டோலக்கும் இல்லை. பிரேசில், கியூபா பக்கத்துத் தாள வாத்தியங்கள் மட்டும் வரிசையாக இருந்தன. இரண்டு நாள் அவர் யாரோடும் பேசவில்லை.

மூன்றாம் நாள் நான் போய் அதன் முன்னால் உட்கார்ந்தேன். அதற்கு முன்பு அங்கே கோரஸ் பாடிக்கொண்டிருந்தேன். கோரஸில் நின்று காத்திருப்பது என்னால் ஆகாத காரியம். பெட்டி எனக்குப் பிடித்துப்போனது. அகோகோ என்று எழுதியிருந்த பட்டனை அமுக்கினால் குல்பி ஐஸ்காரர் மணி வந்தது. அதற்குக் குல்பி என்று பேர் வைத்தேன். கபாசா என்பது சுளகில் அரிசி புடைக்கிற சத்தம், அது சுளகு. வாயில் நுழையாத பேருள்ள ஒன்று குளிர்காய்ச்சலில் பல் தந்தியடிப்பது மாதிரிக் கடகடத்தது, அது மலேரியா. விசில் ஒன்றும் இருந்தது. அதற்குக் கண்டக்டர் என்று பேர் வைத்தேன்.

அந்தப் பெட்டியில் எட்டுச் சுற்றுக்கு ஒரு தாளம் கட்டி உள்ளே போட்டுவிட்டால் போதும். நாம் நிறுத்தும்வரை அதையே திரும்பத் திரும்ப அடிக்கும். காங்கா என்கிற கைமேளச் சத்தத்தையும் சுளகையும் வைத்து, நம் ஊர்க் குத்துத் தாளத்தை அதனிடமிருந்து பிடுங்க எனக்கு ஒரு மாதம் ஆனது. எட்டாவது சுற்று முடிகிற இடத்தில் கண்டக்டரை இரண்டு தடவை ஊதவிட்டேன். கூட்டத்தில் பையன்கள் கூடவே விசிலடிப்பார்கள். அந்த வருஷம் முழுவதும் எங்களுக்குக் கிராக்கி.

அப்பா வண்டியின் கண்டக்டர் பேர் சங்கிலி. பெட்டிக் கண்டக்டரைப் போலக் கணக்காக ஊதுகிறவர் இல்லை, ஆனால் நல்லவர். எங்கள் விஷயம் ஆரம்பித்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அப்பாவிடம் கேட்கிறேன், கேட்கிறேன் என்று ஒன்றரை வருஷமும் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்பது சுலபமில்லைதான். பஸ்ஸில் வேலை பார்ப்பவனுக்குப் பெண் கொடுக்கவே கூடாது என்பது அப்பாவின் கொள்கை. எங்கள் அம்மா மூன்று பிள்ளைகளைத் தனியாளாக வளர்த்ததைப் பார்த்துப் பார்த்து அவருக்கே தன் தொழில் மேல் வந்த கசப்பு அது. எந்தக் கடையிலாவது காலையில் போய் உட்கார்ந்து சாயங்காலம் எழுந்து வருகிற மாப்பிள்ளைதான் அவருக்கு வேண்டும். அப்படி உட்கார்ந்திருக்கிறவரோடு நான் எப்படிக் குடும்பம் நடத்துவேன் என்று அவர் யோசிக்கவில்லை.

ஒரு புதன்கிழமை சங்கிலியிடம் சொல்லிவிட்டேன்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்க கேக்கலேன்னா சனிக்கிழமை நானே சொல்லிப்புடுவேன்."

"செத்த பொறு வாணி. அவரு மூஞ்சி பாத்துத்தான கேக்கணும்."

"அவரு ரோட்டப் பாத்துல்ல ஓட்டுறாரு. மூஞ்சிய எப்பப் பாப்பீக?"

வெள்ளிக்கிழமை எங்களுக்குச் சாணார்பட்டியில் நிகழ்ச்சி. பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் ஒரு உரக்கடைத் திறப்பு விழா. நாலு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு மேடை, ரோட்டைப் பார்த்து இரண்டு ஸ்பீக்கர். காலை பதினொன்றரைக்கு மேல் குத்துப் பாட்டு ஒன்றைத் தொடங்கினோம். பல்லவி பாடும்போதே அப்பாவின் பஸ் வந்து எதிரில் நின்றது. அங்கே ஐந்து நிமிஷம் நிற்கும். கொய்யாக்கூடை, பால்கேன் எல்லாம் மேலே ஏற்றுவார்கள்.

நான் பெட்டியைப் பார்ப்பதும் பஸ்ஸைப் பார்ப்பதுமாக இருந்தேன். இன்றைக்கும் கேட்கவில்லை என்றால் என்ன திட்டுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். பாட்டு இரண்டாவது சரணத்துக்குப் போன சமயம், சங்கிலி முன்வாசல் வழியாக இறங்கி ரோட்டைத் தாண்டி நேராக மேடைக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. என்னவோ சொன்னார். ஸ்பீக்கர் பக்கத்தில் ஒன்றும் கேட்கவில்லை. குனிந்தேன். மறுபடியும் சொன்னார்.

"கேட்டுட்டேன் வாணி."

"என்ன சொன்னாரு?"

அவர் வாயைத் திறப்பதற்குள் என் பெட்டி இரண்டு விசில் ஊதியது. எதிரில் பஸ் கிளம்பியது.

சங்கிலி திரும்பிப் பார்த்தார். முதலில் விளையாட்டு என்று நினைத்திருப்பார், அப்படியே நின்றார். பிறகு ஓடினார். நிறுத்தச் சொல்லி ஒற்றை விசில் ஊதிக்கொண்டே ஓடினார். எங்கள் சத்தத்தில் அது யாருக்கும் கேட்டிருக்காது. ஒரு கொய்யாக்கூடை ரோட்டில் கிடந்தது. அதன் சொந்தக்காரி பஸ்ஸுக்குள் போய்விட்டிருந்தாள். யாரோ ஒருவருடைய டி.வி.எஸ். ஃபிப்டியில் தொற்றிக்கொண்டு சங்கிலி பின்னால் போனார். அதற்குள் கோபால்பட்டியில் செக்கர் சடையாண்டி ஏறிவிட்டார். ஐம்பத்தாறு பேர் உட்கார்ந்திருந்த வண்டியில் கண்டக்டர் மட்டும் இல்லை.

சாயங்காலம் அப்பா வீட்டில் இருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரை வீட்டில் பார்த்து அம்மா பயந்துவிட்டாள். இரண்டு பேரையும் வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். மறுநாள் பத்து மணிக்கு ஷெட்டில் முதலாளி முன்னால் விசாரணை. டிரைவர் ரெண்டு விசில் கேட்டது என்கிறார், கண்டக்டர் விசிலே ஊதவில்லை என்கிறார். இரண்டில் ஒன்று பொய். பொய் சொன்னவர் வெளியே போக வேண்டும்.

யாரை நம்புவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்பாவுக்கு இருபத்திரண்டு வருஷம், சங்கிலிக்கு மூன்று வருஷம். என் விரல் அமுக்கிய பட்டன் அவர் வேலையைச் சாப்பிடப் போகிறது. வேலை இல்லாதவராகச் சங்கிலி என் அப்பா முன்னால் வந்து நிற்கவே முடியாது.

"அப்பா, அது எங்க பெட்டி ஊதுன விசில்" என்றேன்.

அவர் தரையைப் பார்த்தார். வலதுகால் அமுக்கிக்கொண்டே இருந்தது.

"ரெண்டு விசில் கேட்டுச்சு, எடுத்தேன்" என்றார். "எது ஊதுனா என்ன?"

"நாளைக்கு நான் பெட்டியத் தூக்கிக்கிட்டு வாரேன். மொதலாளிக்கு ஊதிக் காட்டுனா ரெண்டு பேரு மேலயும் தப்பு இல்லேன்னு ஆயிரும்."

"நீ எதுக்கு அங்கெல்லாம்?"

"ஒருத்தரு வேலை போயிரும்ப்பா."

சங்கிலி அப்பாவிடம் என்ன கேட்டார் என்பதைப் பற்றி நானும் வாய் திறக்கவில்லை, அவரும் திறக்கவில்லை. அம்மா வைத்த வெஞ்சனத்தில் உப்பு இல்லை என்றுகூட அவர் சொல்லவில்லை.

மறுநாள் பிராங்க்ளினிடம் கெஞ்சிப் பெட்டியையும் ஒரு ஆம்ப்ளிஃபயரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். சங்கிலி முன்னாடியே தன் வாக்குமூலத்தைச் சொல்லிவிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார். என்ன சொன்னார் என்று முதலாளி கிதர் முகம்மதுவே என்னிடம் சொன்னார்.

"நான் ஊதல, ஆனா டிரைவர் மேல தப்பு இல்ல, எறங்குனது என் தப்புங்கிறான். ரெண்டும் எப்படிம்மா சேரும்? அவன் பேச்சு எனக்கு வெளங்கல."

வயதானவர், வெள்ளைச் சட்டை, கோபமே இல்லாத குரல். கோபம் இல்லாததுதான் பயமாக இருந்தது. பக்கத்தில் சடையாண்டி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஐயா, அந்த விசில் இதுல இருந்து வந்துச்சு" என்றேன்.

முதலாளி பெட்டியைத் தட்டிப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"பொம்மையா, வண்டில ஏறு. இன்ஜினைப் போடு. நேத்து எப்படி நின்னியோ அப்படியே நில்லு. புள்ள வாசிக்கட்டும்."

அப்பா ஏறினார். நான் பஸ்ஸுக்குப் பின்னால் வலதுபக்கம் இருந்தேன். அவருடைய பக்கவாட்டுக் கண்ணாடியில் அவர் முகமும் இடதுகையும் தெரிந்தன. அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் தாளத்தை ஓடவிட்டேன். தகர ஷெட்டில் காங்கா அதிர்ந்தது. சுளகு, குல்பி, மலேரியா எல்லாம் வரிசையாக வந்தன. எட்டாவது சுற்றின் முடிவில் கண்டக்டர் இரண்டு தடவை ஊதியது. பஸ் மூன்றடி முன்னால் நகர்ந்து நின்றது.

நான் சட்டென்று பெட்டியை நிறுத்தினேன். கிதர் முகம்மது சிரித்துவிட்டார்.

"நானே போயிருப்பேன்" என்றார்.

எனக்கு அழுகை வரும்போல இருந்தது. இரண்டு பேரும் தப்பித்தார்கள். மூச்சு விட்டேன். அந்த மூச்சு முடிவதற்குள் ஒன்று மனதில் இடித்தது.

எட்டுச் சுற்று என்பது பதினாறு வினாடி. நேற்று பஸ் வந்து நின்றது பல்லவியில். கிளம்பியது இரண்டாவது சரணத்தில். நடுவில் மூன்று நிமிஷமாவது இருக்கும். மூன்று நிமிஷத்தில் என் பெட்டி பதினோரு தடவை விசில் ஊதியிருக்கிறது. பதினோரு தடவையும் அப்பா அசையாமல் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டாவதுக்கு எடுத்தார். சங்கிலி இறங்கி என்னிடம் வந்து நின்ற பிறகு எடுத்தார்.

இது, தாளம் கட்டிய எனக்கே அதுவரை தோன்றவில்லை என்பது எவ்வளவு வெட்கம். ஆனால் சடையாண்டிக்குத் தோன்றிவிட்டது. செக்கர் இல்லையா.

"ஏம்மா, இது ஒரு தடவதேன் ஊதுமா, திருப்பித் திருப்பி ஊதுமா?"

நான் ஆம்ப்ளிஃபயர் ஒயரைச் சரிசெய்வது போலக் குனிந்தேன்.

"நிப்பாட்டாம ஓடவிடு. பாப்போம்."

கண்ணாடியில் அப்பாவின் கண் இப்போது என்னைப் பார்த்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இந்த மனுஷர் ஒருவரைத் தெருவில் விட்டுவிட்டு வந்து, பழியை என் பெட்டி மேல் போட்டுவிட்டு, ராத்திரி முழுக்க என்னைக் குற்றவாளியாகப் புரள வைத்திருக்கிறார். நான் சும்மா நின்றால் போதும். பதினாறு வினாடிக்கு ஒருமுறை பெட்டியே சாட்சி சொல்லும். சங்கிலிக்கு வேலை நிச்சயம், அப்பா வெளியே. தெரிந்தே கண்டக்டரை விட்டுவிட்டுப் போன டிரைவரை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்? ஐம்பத்து மூன்று வயசில் வேறு எங்கே போய் ஓட்டுவார்?

தாளத்தை ஓடவிட்டேன்.

அந்தப் பெட்டியில் ஒவ்வொரு சத்தத்துக்கும் தனித்தனியாக ஏற்றி இறக்குகிற ஒரு குச்சி உண்டு. சுண்டுவிரலால் கண்டக்டர் குச்சியைக் கீழே இறக்கிவிட்டேன். விரல் முந்திக்கொண்டது, நான் பிறகுதான் முடிவெடுத்தேன்.

ஒன்று, இரண்டு, மூன்று. காங்கா ஓடியது. எட்டாவது சுற்று வந்தது. விளக்கு மின்னியது, விசில் வரவில்லை. மறுபடி எட்டு. மறுபடியும் வரவில்லை. சடையாண்டி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வராத விசில் வரவேண்டிய அதே இடத்தில், இரண்டு தடவையும், அப்பாவின் இடதுகை கியரைத் தொட்டுவிட்டு விலகியது.

"கையால அமுக்கினா மட்டும் ஊதும் போல" என்றார் சடையாண்டி.

"ஆமாங்க" என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன மிகச் சின்னப் பொய் அதுதான், மிகக் கனமானதும் அதுதான்.

கிதர் முகம்மது தீர்ப்பைச் சொல்லிவிட்டார். இரண்டு பேரும் திங்கட்கிழமை வண்டிக்கு வரலாம். கண்டக்டர் இனிமேல் நிறுத்தத்தில் வண்டியை விட்டு அகலக் கூடாது. தன் பஸ் நிற்கும் இடத்தில் இந்தப் பெட்டியை யாரும் வாசிக்கக் கூடாது. அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஆம்ப்ளிஃபயரைத் தூக்க அப்பா வந்தார். ஷெட் வாசலில் ஆட்டோவுக்காக நின்றோம். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"விசில எறக்கிட்ட" என்றார்.

"தெரிஞ்சேதான எடுத்தீங்க?"

"ஆமா."

இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வார் என்று நான் நினைக்கவில்லை. சண்டைக்குத் தயாராக வைத்திருந்த வார்த்தை எல்லாம் வீணாகப் போனது.

"மொத விசிலுக்கு நெசமாவே ஏமாந்துட்டேன்" என்றார். "கியரப் போட்டுட்டேன். அவன்தான் ஓடியாந்து, அது உங்க மக பெட்டி, நான் இங்கதேன் நிக்கிறேன்னான். ரெண்டு பேரும் சிரிச்சோம். சிரிச்சுக்கிட்டே இருந்தவன் திடீர்னு மாமான்னு கூப்பிட்டான். மூணு வருஷமா அண்ணே அண்ணேன்னு கூப்பிட்டவன். உங்க மகளக் கட்டிக்கிறேன் மாமாங்கிறான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்றது? எனக்கு வண்டி நின்னா யோசனை ஓடாது. நான் ஒண்ணும் சொல்றதுக்கு முன்னாடியே எறங்கி உங்கிட்ட ஓடிட்டான். நீ குனிஞ்சு சிரிக்கிற. எனக்கு என்னமோ ஆயிருச்சு. எடுத்துட்டேன்."

"அம்பத்தாறு பேர ஏத்திக்கிட்டா யோசிக்கிறது?"

ரோட்டுக்கு அந்தப் பக்கம் சங்கிலி காலி டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன தீர்ப்பு என்று அவருக்கு இன்னும் தெரியாது. ஆனால் அவருக்குத் தெரிந்த வேறொன்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா ஏமாறவில்லை என்பது அவருக்கு நேற்றே தெரியும். கூட நின்று சிரித்தவரே அவர்தான். செக்கரிடம் ஒரு வார்த்தை, இன்றைக்கு முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். டிரைவர் மேல் தப்பு இல்லை என்று சொல்லிவிட்டு வந்து, வேலையைத் தொலைத்தவராக அங்கே நின்றுகொண்டிருக்கிறார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவேன் என்றுகூட அவருக்குத் தெரியாது.

"அவன் காட்டிக் குடுக்கல" என்றார் அப்பா. அவரும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். "நீயும் குடுக்கல. நாயித்துக்கெழமை அவன வீட்டுக்கு வரச் சொல்லு."

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

"நான் சொல்ல மாட்டேன். அவரு கேட்டது உங்ககிட்ட. பதில நீங்க போய்ச் சொல்லுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். ஆம்ப்ளிஃபயரைக் கீழே வைத்தார். லாரி ஒன்று போகும்வரை நின்று, ரோட்டைத் தாண்டினார். நான் இங்கேயே நிற்பதாகத்தான் இருந்தேன். முடியவில்லை, பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

சங்கிலி கிளாஸை பெஞ்சில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அண்ணே, உங்களுக்கு வேலை இருக்குல்ல?" என்றார்.

"ரெண்டு பேருக்கும் இருக்கு" என்றார் அப்பா. "நேத்து என்னமோ வேற மாதிரி கூப்பிட்டியே. அப்படியே கூப்பிடு."

சங்கிலி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். டீக்கடைக்காரர் மூன்று டீயா என்று கேட்டார். அப்பாதான் ஆமாம் என்றார்.